6 வாட் பியானோவுக்கு எது கைகொடுக்கும்: ஹெட்போனா, ஸ்பீக்கரா, லேப்டாப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்களுடையது ஒட்டு வீடு. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம், இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸ் அக்கா. இந்தப் பக்கம், கிரேடு தேர்வுக்குப் பழகும் என் மகள். சுவரை ஒட்டி, 88 கட்டை வைத்த டிஜிட்டல் பியானோ.

வாங்கிய புதிதில் யாருக்கும் குறை தெரியவில்லை. டீச்சர் வீட்டு நிஜ பியானோவில் மூன்று மாதம் வாசித்த பிறகுதான் மகள் ஒருநாள் சொன்னாள்: “அப்பா, நம்ம பியானோ டப்பாக்குள்ள உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு.”

அவள் சொன்னது சரிதான். உள்ளே பதிவாகியிருப்பது பெரிய கச்சேரி பியானோவின் ஒலி, வாய்தான் சின்னது. யமஹா பி-45, ரோலண்ட் எஃப்பி-10 போன்ற ஆரம்ப விலை மாடல்களில் 12 செ.மீ. ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 6 வாட், அவ்வளவுதான். பியானோவின் கடைசி இடது கட்டை வினாடிக்கு 27.5 அதிர்வு. அதை இந்தச் சின்ன ஸ்பீக்கர் தராது. மேலே வரும் கிளை ஒலிகளை வைத்து நம் காதே அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. சுரம் புரியும், கனம் இருக்காது.

நானும் போன வருஷம் முழுக்க இதற்கு வழி தேடினேன். கடன் வாங்கி, தவணை கட்டி, ஒரு தடவை முட்டாள்தனமாக கேபிள் மாட்டி, எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

முதலில் காசில்லாத வேலை. எங்கள் பியானோவில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது. நாங்களோ அதைத் தடித்த மேஜை விரிப்பின் மேல் வைத்திருந்தோம். வாயில் துணியை அடைத்துவிட்டுப் பாடச் சொன்ன கதைதான். விரிப்பை எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் 3 செ.மீ. உயரத்துக்கு ரப்பர் கட்டைகள் வைத்தேன். அதிலேயே பாதி மந்தம் போய்விட்டது. அப்புறம் அமைப்புகளுக்குள் போய் எதிரொலியைக் குறைத்தேன். கடையில் கேட்கும்போது பெரிய மண்டபம்போல மயக்கும் அந்த எதிரொலி, டைல்ஸ் போட்ட எங்கள் முன்னறையில் வெறும் இரைச்சல். தரையில் ஒரு பாய், ஜன்னலுக்குக் கனமான திரை. இதெல்லாம் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்து ஹெட்போன். ஒரு ரேண்டுக்கு எவ்வளவு ஒலி கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் இதை மற்ற எதுவும் நெருங்காது. சுமாரான ஹெட்போன்கூட அந்த 12 செ.மீ. ஸ்பீக்கரைவிட ஆழத்தை நன்றாகக் காட்டும், அறையின் கோளாறும் நடுவில் வராது. மகள் முதல் நாள் போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு கட்டையை அழுத்தி, ஒலி முழுவதும் அடங்கும்வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வால் பகுதி அதுவரை எங்கள் வீட்டில் யார் காதிலும் விழுந்ததில்லை.

இதில் இரண்டு ஜாதி. காதை முழுக்க மூடுவது ஒன்று, பின்பக்கம் வலைபோல் திறந்திருப்பது மற்றொன்று. ஆடியோ டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் மூடியது. சென்ஹைசர் எச்டி 599 திறந்தது. பியானோவுக்கு என் ஓட்டு திறந்ததற்கே. ஒலி தலைக்குள் அடைபடாமல் முன்னால் விரிந்து நிற்கும். ஜனவரிப் புழுக்கத்தில் காதும் வேகாது. ஆனால் ஒலி வெளியே கசியும். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவருக்குக் கேட்கும். ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீடாக இருந்தால் மூடியதை வாங்குங்கள். வாங்குமுன் ஓம் எண்ணை, அதாவது மின்தடை அளவைப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டும் 50 ஓமோ அதற்குக் கீழோதான். பியானோவே தாராளமாக ஓட்டிவிடும். 250 ஓம் உள்ளதை வாங்கினால் ஒலியளவை முழுக்கத் திருகியும் போதாமல் போகலாம். புளூடூத் ஹெட்போன் பக்கமே போகாதீர்கள். சாதாரண புளூடூத்தில் கட்டையை அழுத்தி 100 மில்லி செகண்டுக்கு மேல் கழித்துத்தான் ஒலி வரும். பாட்டுக் கேட்க அது சரி, வாசிக்க ஆகாது.

ஹெட்போன் வந்ததும் சுவர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பாப்பா இப்ப வாசிக்கிறது இல்லையா?”

“வாசிக்கிறாளேக்கா. காதுல மாட்டிக்கிட்டு.”

“அதான் பார்த்தேன். பாட்டு வரல, யாரோ சுவத்துல முட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு மட்டும் வருது.”

கட்டை கீழே போய் இடிக்கும் சத்தம் அது. காற்று வழியாக வராமல், ஸ்டாண்டு கால் வழியாகத் தரைக்கும் சுவருக்கும் போகிறது. ஹெட்போனால் இதற்கு ஒன்றும் ஆகாது. ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, கால்களுக்கு அடியில் வாஷிங் மெஷினுக்குப் போடும் ரப்பர் வட்டுகளை வைத்தேன். அக்கா அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஹெட்போனுக்கு ஒரு பெரிய குறை உண்டு: ஆயாவுக்குக் கேட்காது. பேத்தி விரலை அசைப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஸ்பீக்கர் தேடப் போனது இதனால்தான்.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்டூடியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடி, வீட்டு பியானோவுக்குப் பொருத்தமான வழி. 5 அங்குல அளவு போதும். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி இந்த வகை. 3.5 அங்குலத்தில் வருபவை விலை குறைவு, சின்ன அறைக்குப் பரவாயில்லை, ஆனால் இடது கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும். மேடை கீபோர்டு ஆம்ப் ஒன்றை நண்பர் கொடுத்துப் பார்த்தேன். சத்தம் போதும் போதும் என்று வந்தது. ஆனால் அது மோனோ. இடதும் வலதும் ஒரே கூட்டில் கலந்து பியானோ தட்டையாகிவிட்டது. கோயில் பஜனைக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால் அது சரி; வீட்டுக்கு வேண்டாம். பழைய ஹைஃபை செட் மூலையில் தூங்கினால் அதையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள், பல வீட்டில் அதுவே போதுமானதாக இருக்கும்.

இனி என் முட்டாள்தனம். எங்கள் பியானோவில் வெளி ஸ்பீக்கருக்கு ஒலி அனுப்பும் தனி ஓட்டை, அதாவது லைன் அவுட், கிடையாது, ஹெட்போன் ஓட்டை மட்டும்தான். 6.3 மில்லிமீட்டர் பிளக் இரண்டு பக்கமும் உள்ள கேபிள் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு முனை பியானோவில், மறுமுனை ஒரு ஸ்பீக்கரில். ஒலி வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், நடுப்பகுதியே இல்லாமல். ஸ்பீக்கர் பழுது என்றே முடிவு செய்து மறுபடி டப்பாவில் கட்டிவிட்டேன். பழுது என் கையில் இருந்தது. ஹெட்போன் ஓட்டையில் பிளக்கின் முனைக்கு இடது ஒலி, வளையத்துக்கு வலது ஒலி வருகிறது. ஸ்டூடியோ ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு ஓட்டையோ முனையில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் ஒலிக்கும். இரண்டிலும் பொதுவாக இருப்பது அப்படியே ரத்தாகிவிடும். பியானோவின் உயிர் அந்தப் பொதுவில்தான் இருக்கிறது. ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்காகப் பிரியும் ஒய் கேபிள் வாங்கியதும் ஸ்பீக்கர் இரண்டும் பிழைத்துக்கொண்டன.

மாட்டிய பிறகு பியானோ ஒலியளவை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, மீதியை ஸ்பீக்கரின் திருகில் பாருங்கள். பியானோவைக் கால்வாசியில் வைத்து ஸ்பீக்கரை ஏற்றினால் உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். ஸ்பீக்கரை பியானோவின் தலையிலேயே வைத்தால் கட்டை அழுத்தும்போது அதுவும் ஆடும். தனி ஸ்டாண்டில், காது உயரத்தில், உங்களோடு முக்கோணமாக வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் இடது கைப் பக்கத்துக் கீழ் ஒலி மட்டும் குண்டாகிவிடும்.

மூன்றாவது, லேப்டாப். யூஎஸ்பி கேபிளில் கட்டை அழுத்தும் தகவல் மட்டும் கணினிக்குப் போகும். ஒலியைக் கணினியே உண்டாக்கும். இணையத்தில் பலர் சத்தியம் செய்வது இந்த வழிக்குத்தான். பொய்யில்லை. சாலமண்டர் என்ற இலவச ஒலித் தொகுப்பு, யமஹா சி5 பியானோவை மூன்று கட்டைக்கு ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் 16 அழுத்த நிலையில் பதிவு செய்தது. பியானோடெக் என்ற மென்பொருள் வேறு வழி. பதிவே இல்லாமல் கம்பியும் சுத்தியலும் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்காகப் போட்டு ஒலியை அந்தந்த நொடியில் பிறப்பிக்கும். அதன் சோதனைப் பதிப்பை இலவசமாக இறக்கலாம். சில கட்டைகள் ஊமையாக இருக்கும், 20 நிமிடத்தில் நின்றுவிடும். பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும்.

எங்கள் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் மகள் இரண்டு வரி வாசித்துவிட்டு, “விரலுக்குப் பின்னாடி ஓடி வருதுப்பா” என்றாள். ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 128 மாதிரிக்கு இறக்கியதும் தாமதம் அடங்கியது. வினாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் 128 என்பது ஏறக்குறைய 3 மில்லி செகண்டு. மற்ற தாமதங்கள் சேர்ந்தாலும் விரல் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் சார்ஜர் மாட்டினால் ஸ்பீக்கரில் ஙொய்யென்று ஒரு ரீங்காரம். சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே மல்டிபிளக்கில் போட்டதும் குறைந்தது, முழுதாகப் போக பேட்டரியில் ஓட்ட வேண்டியிருந்தது.

ஒலி? உண்மையிலேயே அழகு. ஆனால் அதை எதில் கேட்டேன்? அந்த ஹெட்போனிலும் அந்த ஸ்பீக்கரிலும்தான். இவை இல்லாமல் மென்பொருளுக்குக் காசு கொடுத்திருந்தால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டிருப்பேன். அது பியானோவின் 6 வாட்டைவிடக் கேவலம். எங்கள் மாடலில் யூஎஸ்பி வழியாக ஒலி திரும்பி வராது. யமஹா பி-125 போன்றவற்றில் வரும். அங்கே லேப்டாப் ஒலியைப் பியானோ ஸ்பீக்கரிலேயே கேட்கலாம். இன்னொன்று, பத்து வயதுப் பிள்ளை பள்ளி விட்டு வந்து அரை மணி நேரம் பழக, லேப்டாப் திறந்து கேபிள் மாட்டி நிரல் ஓட வேண்டும் என்றால் பழக்கமே நின்றுவிடும். எங்கள் வீட்டில் மூன்று வாரத்தில் நின்றது.

பியானோவையே மாற்றலாமே என்றும் மைத்துனர் கேட்டார். கட்டையின் கனம் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஒலிக்காக மட்டும் மாற்றினால், அடுத்த விலைப் படியிலும் பெட்டிக்குள் அடங்கிய ஸ்பீக்கர்தான் கிடைக்கும்.

நம் ஊருக்கே உரிய கணக்கு ஒன்று பாக்கி: கரண்ட். 2023இல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, நாளுக்குப் பலமுறை வந்தபோது ஸ்பீக்கரும் லேப்டாப்பும் இருந்து பயனில்லை. மலிவான இன்வெர்ட்டரில் போட்டபோது ஸ்பீக்கர் வண்டுபோல இரைந்தது. எங்கள் பியானோ 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. ரவுட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ்ஸில், பிளக்கின் துருவத்தையும் ஆம்பியரையும் அடாப்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். இருட்டில் மெழுகுவர்த்தி, மகள் காதில் ஹெட்போன், வாசிப்பு நிற்கவில்லை.

இப்போது வார நாள் முழுக்க ஹெட்போன். ஞாயிறு மத்தியானம், அக்கா ஊரில் இல்லாதபோதோ முழித்திருக்கும்போதோ, ஸ்பீக்கர். ஆயா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே, “அந்த மெதுவா வர்றத இன்னொரு தடவை வாசி கண்ணு” என்பார். லேப்டாப் பள்ளி வீட்டுப்பாடத்துக்குத் திரும்பிவிட்டது. தனி வீட்டில் இருப்பவர், பியானோவில் லைன் அவுட்டும் உள்ளவர் என்றால் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கரை முதலில் வாங்குங்கள்; ஒய் கேபிள் தலைவலியும் உங்களுக்கு இல்லை.