34 பற்கள்: மோன் வாந்து ஏறுவதற்கு முன் மாற்றிய கேசட்

என் சைக்கிளின் பின்சக்கரத்தில் 11-34 கேசட்டை மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரங்களின் அடுக்கு, 11-34 என்றால் மிகச் சின்னதில் 11 பற்கள், மிகப் பெரியதில் 34. நந்தி மலை எத்தனை முறை என்று கணக்கில்லை, ஏற்காடு ஒரு முறை, தெற்கு பிரான்சின் மோன் வாந்து ஒரு முறை. இவ்வளவு ஏறிய பிறகு எழுதுகிறேன். பெங்களூரில் இருந்து மலை ஏறப் போகும் யாராவது, முக்கியமாக நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சைக்கிளுக்குச் செலவு செய்யக் கையில் பணம் வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று யோசித்தால், முதலில் இதை வாங்குங்கள்.

எனக்கு வயது 47. ஊர் நாமக்கல் பக்கம். ராமமூர்த்தி நகரில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். 2019ல் வாங்கிய ரோடு சைக்கிள், ஷிமானோ 105, பதினொரு கியர். முன்னால் பெடலோடு 50, 34 என்று இரண்டு பல்சக்கரங்கள். பின்னால் கடையில் வந்தபடியே 11-28 கேசட். பின்னால் இருக்கும் பல்சக்கரம் எவ்வளவு பெரியதோ, மேட்டில் மிதிப்பது அவ்வளவு லேசு. முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நகரும். முன்னாலும் பின்னாலும் 34 என்றால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். கேட்கும்போது சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி தாங்க வேண்டிய சுமையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதலாவதில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம், இரண்டாவதில் ஏழரை. அந்த 9ஐ விடாமல் பிடிக்க முடியாதவர்களுக்கு 28ல் இரண்டே வழிதான். இன்னும் மெதுவாக, இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும், இல்லை இறங்கித் தள்ள வேண்டும்.

28ஐ வைத்துக்கொண்டு நான் ஐந்து வருடம் நந்தி ஏறினேன். ஏற முடிந்தது. அதனால் மாற்றத் தோன்றவில்லை. நந்தி உச்சி 1478 மீட்டர்தான், நம் ஊரே 900 மீட்டரில் இருக்கிறது, ஏற்றம் எட்டு கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். அதில் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கமாகப் போனால் இரண்டு மிதி நேரம் கால் ஓய்வெடுக்கும். கொல்லிமலையிலும் அப்படித்தான், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று மலைக்கிறோம், ஆனால் அந்த எழுபதும் எழுபது மூச்சு.

அக்கா மகள் பிரான்சின் மார்செய்யில் படிக்கிறாள். "சித்தி, செப்டம்பர்ல வா, வெயில் குறைஞ்சிருக்கும், நீ சொல்ற அந்த மலை இங்கேருந்து பக்கம்தான்" என்றாள். டிக்கெட் எடுத்த பிறகுதான் மலையின் சரிவுப் படத்தை உட்கார்ந்து பார்த்தேன். பெத்வான் கிராமத்தில் இருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டர். 300 மீட்டரில் தொடங்கி 1910ல் முடிகிறது. முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சும்மா போகலாம். அப்புறம் சேன்ட் எஸ்தேவ் என்ற இடத்தில் சாலை இடது பக்கம் திரும்பி காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஒன்பதரை கிலோமீட்டர், ஒன்பது சதவீதத்துக்கு மேல், எங்கேயும் தணியாமல். மலோசேன், சோ என்ற ஊர்களில் இருந்தும் சாலைகள் உண்டு. சோ பக்கம் நீளம் அதிகம், சரிவு குறைவு. ஆனால் எனக்குப் பெத்வான் வழியாகத்தான் ஏற வேண்டும் என்று இருந்தது.

ஒரு பெரிய கடையில் கொடுத்து மாற்றினேன். ஷிமானோவின் 11-34 கேசட், கூடவே நீளக் கூண்டு வைத்த லாங் கேஜ் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம். இது கட்டாயம். என் சைக்கிளில் இருந்த குட்டைக் கூண்டு டீரெய்லருக்கு 30 பல் வரைதான் அனுமதி. செயினும் நீளமாகத் தேவை, அதையும் புதிதாகப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நந்திக்குப் போனால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் பின்னால் 'டக் டக்' என்று சத்தம், கியர் தானாகத் தாவியது. பாதியில் திரும்பிவிட்டேன். கடையில் கேட்டதற்கு, புது செயின், கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார்கள். பயணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை.

அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லித்தான் அல்சூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் கடைக்குப் போனேன். பலகை கூட மங்கிப் போன கடை. உள்ளே ஒருவர்தான் வேலை செய்கிறார், அறுபது வயதிருக்கும். அப்பா காலத்தில் ஆம்பூரில் இருந்து வந்த குடும்பமாம். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, கேசட்டைக் கையால் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டினார். ஆடியது.

"அக்கா, இதுக்கு ஸ்பேசர் போடலை."

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கேசட்டைக் கழற்றிக் காட்டி விளக்கினார். இந்த 11-34 பத்து கியர் ஹப்பிலும் (சக்கரத்தின் நடுவே கேசட் உட்காரும் பாகம்) உட்காரும்படி செய்யப்பட்டது. பதினொரு கியர் ரோடு ஹப்பில் மாட்டினால் இடம் கொஞ்சம் மிஞ்சும். அதற்காக 1.85 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வளையத்தை முதலில் போட்டு, அதன் மேல் கேசட்டை ஏற்ற வேண்டும். போடாவிட்டால் பூட்டு வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் இறுகாது. மெல்லிய வளையம், கையில் வைத்தால் எடையே தெரியாது. ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துப் போட்டார்.

அதோடு விடவில்லை. செயினை முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் என்று சுற்றிப் பார்த்து நீளத்தைச் சரிபார்த்தார். டீரெய்லரின் மேல் உருளை 34 பல்லில் உரசாமல் இருக்க அதன் பின்னால் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருகினார். அப்புறம் "உக்காருங்க அக்கா" என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு, பத்து நிமிடம் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். 21 கிலோமீட்டர் என்றதும் கையை நிறுத்தினார்.

"இதுக்கு முன்னாடி 28ஆ? நல்லவேளை மாத்துனீங்க. முட்டி போயிருக்கும்."

கூலியாக அவர் கேட்டதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு. கூடுதலாக வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். கேசட், டீரெய்லர், செயின், இரண்டு கடைக் கூலியும் சேர்த்து எனக்கு ஆனது பதின்மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். இதே பணத்துக்கு நண்பர்கள் சிலர் எடை குறைந்த ஹேண்டில்பார் வாங்கச் சொன்னார்கள். அதில் குறைவது சில நூறு கிராம். கேசட் மாற்றியதில் எனக்கு எடை நூறு கிராம் அளவில் கூடத்தான் செய்தது. மலையில் அந்த நூறு கிராமை நான் உணரவே இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை நாலரைக்குக் கிளம்பி, தேவனஹள்ளி வழியாகப் போய், நந்தியை இரண்டு முறை, கடைசி வாரங்களில் மூன்று முறை. இறங்கி வந்து தட்டு இட்லி. இரண்டாவது ஏற்றத்தின் நடுவிலும் பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தது அந்த நாட்களில்தான்.

இனி மலை.

பெத்வானில் காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். திராட்சை அறுவடைக் காலம், ட்ராக்டர்கள் எதிரே வந்தன. தோட்டங்களைத் தாண்டிக் காடு தொடங்கியதும் நான் எதிர்பார்த்தபடி வளைவுகள் இல்லை. மரங்களுக்கு நடுவே சாலை நேராக மேலே போகிறது, திரும்பினாலும் லேசாகத் திரும்பி மறுபடி மேலே போகிறது. வெளிப்பக்கமாகப் போய் இரண்டு மிதிக்கு இளைப்பாறும் நந்தியின் வசதி இங்கே கிடையாது. நிற்காமல் ஏறத் தெரிந்தவர்களுக்கான சாலை. கிலோமீட்டருக்கு ஒரு கல், அதில் உயரம், அடுத்த கிலோமீட்டரின் சரிவு. 9, 9.5, 10 என்று எண்கள். நான் 34 பல்லில் போட்டு, வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மிதியை மட்டும் எண்ணினேன். நிமிடத்துக்கு 60, சில இடங்களில் 55. ஏழு, ஏழரை கிலோமீட்டர் வேகம். என்னைத் தாண்டிப் போனவர்கள் நிறைய. ஆனால் காட்டில் பாதி தூரத்தில், எனக்கு முன்னால் விரைந்து போன ஒருவர் கனமான கியரில் எழுந்து நின்று சைக்கிளை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மிதித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இறங்கி ஓரமாக நின்றார். நான் அதே 60ல் அவரைத் தாண்டிப் போனேன். ஐந்து வருடமாக நந்தியில் நான் மிதித்ததும் அவரைப் போலத்தான்.

ஒன்றேகால் மணி நேரம் அந்தக் காட்டில். 34ஐ விட்டு அதற்கு அடுத்த 30 பல்லுக்கு வந்தது மூன்று நான்கு முறைதான். முட்டி வலிக்கவில்லை. தொடை எரிந்தது, மூச்சு வாங்கியது, முதுகு வலித்தது. ஆனால் முட்டி வலிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வருடம் முன்பு நான் பிசியோதெரபிக்குப் போனது அந்த வலது முட்டிக்காகத்தான்.

ஷாலே ரெனார் என்ற உணவு விடுதியில் காடு முடிகிறது. அக்கா மகள் காரில் வந்து வாழைப்பழமும் காற்றுக்கு ஒரு ஜாக்கெட்டுமாகக் காத்திருந்தாள். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், மரமே இல்லை. சுண்ணாம்புக் கல், வெள்ளை வெள்ளையாக, தூரத்தில் இருந்து பார்த்தால் பனி போல. உச்சியில் கோபுரம் தெரிகிறது, ஆனால் கிட்ட வருவதில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தது. வளைவு திரும்பியதும் நேராக முகத்தில். சரிவு இங்கே காட்டை விடக் குறைவு, எட்டு சதவீதம் போல. ஆனால் எதிர்காற்றில் எட்டும் பத்தாகிவிடும். மறுபடி 34க்கு வந்துவிட்டேன்.

உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது வலது பக்கம் டாம் சிம்ப்சன் நினைவுக்கல். இங்கிலாந்துக்காரர், 1965ல் உலக சாம்பியன். 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், கடும் வெயிலில், இந்த இடத்தில் விழுந்து இறந்தார். வயது 29. உடலில் ஊக்க மருந்தும் இருந்தது. ஏறுகிறவர்கள் தண்ணீர் பாட்டில், தொப்பி என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் இறங்கி நின்றேன். அந்தக் காலப் பந்தய சைக்கிள்களில் முன்னால் இருந்த சின்னப் பல்சக்கரத்துக்கே நாற்பதுக்கு மேல் பற்கள். என் 34ஐத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என்னைப் போன்ற ஒருத்தி வேலை முடிந்த நேரங்களில் பயிற்சி எடுத்து அந்த இடம் வரை வர முடிந்ததற்கு இந்த இரும்பு வட்டத்துக்கும் பங்கு உண்டு.

கடைசி வளைவு மறுபடி செங்குத்து. நின்ற நேரத்தையும் சேர்த்து 2 மணி 50 நிமிடத்தில் உச்சி.

சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. 11-34ல் பற்கள் 11, 13, 15, 17 என்று இரண்டிரண்டாகத் தாவுகின்றன. பழைய 11-28ல் தொடக்கத்தில் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொன்றாக இருக்கும். சமதளத்தில், விமான நிலையச் சாலையில் கூட்டமாக மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, 14 பல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஒன்றில் கால் வேகமாகச் சுற்றும், அடுத்ததில் கனமாகும். பதினொரு சக்கரத்துக்குள் இவ்வளவு அகலம் வேண்டும் என்றால் இடைவெளி வந்தே தீரும், இது கேசட் செய்தவர்களின் தப்பு இல்லை. சமதளப் பந்தயம்தான் உங்கள் ஆசை என்றால் மாற்றாதீர்கள். மற்றபடி இறக்கத்தில் எதுவும் இழக்கவில்லை, 11 அப்படியே இருக்கிறது.

30ல் இருந்து 34க்கு மாற்றும்போது முழு பலத்தோடு மிதித்தபடி மாற்றாதீர்கள். சரிவு கூடும் என்று தெரிந்ததும், அரை மிதி லேசாக்கிவிட்டு மாற்றுங்கள். காட்டுக்குள் நுழையும் முன்பே நான் மாற்றிவிட்டேன்.

திரும்பி வந்ததும் அல்சூர் கடைக்குப் போனேன். உச்சியில் எடுத்த படத்தைக் காட்டினேன். சைக்கிளோடு நான், பின்னால் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். என்னை விட்டுவிட்டு பின்சக்கரத்தைத்தான் பெரிதாக்கினார். எந்தக் கியரில் நின்று படம் எடுத்திருக்கிறேன் என்று பார்த்தாராம்.

"34லயே இருக்கு" என்றார். அப்புறம் செயினில் தேய்மானம் பார்க்கும் கம்பியை வைத்துப் பார்த்து, "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் அக்கா, அப்புறம் கொண்டு வாங்க" என்றார்.