வாடகைக் கோபுரமா, சொந்தக் கோபுரமா? நிறுவனங்கள் இணைந்த பிறகு எது நமக்குக் காவல்

ஒரு நாள் காலை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயர் மாறியிருந்தது. ஒன்பது ஆண்டுகளாக நான் வைத்திருந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. சிம் அதேதான், எண்ணும் அதேதான். ஆனால் இரண்டே மாதத்தில் என் பழைய ப்ளான் பட்டியலிலிருந்து காணாமல் போனது. அதற்கு ஈடாக வந்த ப்ளானில் காசு அதே, நாட்கள் குறைவு.

எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தபோது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் விற்கும் நிறுவனம்; எம்விஎன்ஓ என்று துறையில் சொல்வார்கள். இன்னொன்று, சொந்தமாக அலைக்கற்றையும் கோபுரமும் வைத்துக்கொண்டு புதிதாகச் சந்தைக்கு வந்த சின்ன நிறுவனம். முதலில் வாடகை நிறுவனத்திடம் போனேன். பதினோரு மாதம் இருந்துவிட்டு, அப்புறம் சொந்தக் கோபுரம் உள்ளதற்கு மாறினேன். நான்கு நிறுவனங்கள் மூன்றாகக் குறையும்போது ஒழுங்குமுறை அமைப்புகளின் மேசைக்கு வரும் கேள்வியும் ஏறக்குறைய இதேதான். இணைப்பை அனுமதிப்பதென்றால், போன போட்டியாளரின் இடத்தில் யாரை உட்கார வைப்பது?

நிறுவனங்கள் ஏன் இணைகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே: அலைக்கற்றைக் கட்டணம், 5ஜி செலவு, கடன். அதை விட்டுவிடுகிறேன்.

வாடகை நிறுவனத்தின் நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். சேர்வது எளிது, விலை குறைவு, முதல் நாளிலிருந்தே நாடு முழுக்க சிக்னல். ஆஸ்திரியாவில் ஹட்சிசனின் ‘3’ நிறுவனம் ஆரஞ்சை வாங்கி, 2013 தொடக்கத்தில் நான்கு மூன்றானது. புதிதாக வருபவருக்கென்று அலைக்கற்றை ஒதுக்கி வைத்தும் யாரும் வரவில்லை. கட்டணம் ஏறியதை அந்நாட்டு அமைப்புகளே பின்னர் ஆய்வு செய்து சொன்னன. 2015 ஜனவரியில் ஹாட் என்ற வாடகை நிறுவனம் வந்த பிறகுதான் விலை இறங்கியது. ஆகவே வாடகை நிறுவனத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அயர்லாந்தில், 2014ல் அதே ‘3’ ஓ2வை வாங்கியபோது நிபந்தனையின் பேரில் வந்த ஐடி மொபைல் 2018லேயே கடையை மூடிவிட்டது.

எனக்கு நேர்ந்தது இது. இரவு எட்டு மணி. நானும் தம்பியும் ஒரே அறையில் இருக்கிறோம். அவனிடம் கோபுரத்தின் சொந்தக்கார நிறுவனத்தின் சிம், என்னிடம் அதே கோபுரத்தை வாடகைக்கு எடுத்த நிறுவனத்தின் சிம். அவன் கைப்பேசியில் காணொளி தடையில்லாமல் ஓடுகிறது, என்னுடையதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோபுரத்தில் நெரிசல் வந்தால் சொந்த வாடிக்கையாளருக்கு முதலிடம், வாடகை வாடிக்கையாளருக்கு அடுத்த இடம் என்று ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்ள முடியும். எல்லா ஒப்பந்தமும் இப்படியல்ல. என்னுடைய நிறுவனத்துக்கு எப்படி என்று வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை கேட்டேன், நேரான பதில் வரவில்லை.

ஆனால் நான் மாறியதற்கு முதல் காரணம் வேகம் இல்லை. கூடுதலாக ஒரு ஜிபி விற்றால் அந்தக் காசு யாரிடம் போகிறது? போட்டி இருக்கிறதா இல்லையா என்பதை இந்த ஒரு கேள்வியே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

சொந்தக் கோபுரம் வைத்திருப்பவரைப் பாருங்கள். கோபுரம் நட்டாயிற்று, அலைக்கற்றைக்குப் பணம் கட்டியாயிற்று, மின்சாரம் எப்படியும் ஓடுகிறது. அந்தக் கோபுரத்தின் திறனில் பாதி சும்மா கிடந்தால் அது வீண்தான், நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அதனால் விலையைக் குறைத்தாவது ஆளைச் சேர்க்கத் துடிப்பார். அதிலும் புதிதாக வந்தவருக்குக் கோபுரம் நிறைய, வாடிக்கையாளர் கொஞ்சம். துடிப்பு இன்னும் அதிகம். வாடகைக்காரரின் கணக்கே வேறு. அவர் விற்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் மீட்டர் ஓடுகிறது. அந்த மீட்டர் காசு போவது, அவர் எந்த நிறுவனத்தின் விலையை உடைக்க வேண்டுமோ அதே நிறுவனத்துக்கு. கோபுரக்காரருக்குக் கட்டும் மொத்தக் கொள்முதல் விலைக்குக் கீழே அவரால் இறங்க முடியாது. 5ஜி எப்போது கிடைக்கும் என்பதும் வீட்டுக்காரர் கையில்.

சந்தைப் பங்குக் கணக்கில் இது தெரியாது. போட்டியை அளக்க ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டுவார்கள். தலா 25 விழுக்காடு உள்ள நான்கு நிறுவனங்கள் என்றால் 2500. இரண்டு இணைந்தால் 3750. வாடகை நிறுவனத்தைத் தனிப் போட்டியாளராக எண்ணினால் இந்த எண் கொஞ்சம் அழகாகக் குறையும். மீட்டர் காசு எங்கே போகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

இத்தாலியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று. 2016ல் விண்ட், ‘3’ இரண்டும் இணைய ஐரோப்பிய ஆணையம் அனுமதி தந்தது. நிபந்தனை, புதியவருக்கு அலைக்கற்றையும் கோபுர இடங்களும் கொடுக்க வேண்டும். சொந்த நெட்வொர்க் கட்டி முடிக்கும் வரை ரோமிங்கும், அதாவது தங்கள் நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் வசதியும், தர வேண்டும். பிரான்சில் 2012ல் விலையை உடைத்த இலியாட் அவற்றை வாங்கிக்கொண்டு 2018 மே மாதம் இறங்கியது: 5.99 யூரோவுக்கு 30 ஜிபி. அடுத்த மாதமே வோடஃபோன் ‘ஹோ’ என்ற மலிவுப் பெயரைத் தொடங்க வேண்டியதாயிற்று. மூன்றாக வேண்டிய சந்தை நான்காகவே நின்றது.

ஜெர்மனி இரண்டுக்கும் நடுவே. 2014ல் ஓ2 இ-ப்ளஸை வாங்கியபோது, ட்ரில்லிஷ் நிறுவனம் நெட்வொர்க் திறனில் 20 விழுக்காட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டது. இது மீட்டர் வாடகை இல்லை, குத்தகை. காசு முன்கூட்டியே போய்விட்டதால், எடுத்த திறனை விற்றே ஆக வேண்டும். அந்த நிறுவனத்தின் வழிவந்த ஒன்-அண்ட்-ஒன் 2019ல் அலைக்கற்றை வாங்கி, 2023 டிசம்பரில்தான் சொந்த நெட்வொர்க்கில் கைப்பேசி சேவையைத் தொடங்கியது. வாடகையே வேண்டும் என்றால் இப்படிப்பட்ட குத்தகையைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

என் கட்சிக்கு எதிரான சான்று அமெரிக்காவில் இருக்கிறது, அதை மறைப்பது சரியில்லை. 2020ல் டி-மொபைல் ஸ்ப்ரிண்டோடு இணைந்தபோது நான்காவது இடத்துக்கு டிஷ் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்தை நிறுத்தினார்கள். ஸ்ப்ரிண்டின் ப்ரீபெய்ட் பெயரான பூஸ்ட் மொபைலின் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள், ஏழு ஆண்டு வாடகை ஒப்பந்தம் கிடைத்தது, அலைக்கற்றை கையில் நிறைய இருந்தது. நெட்வொர்க்கையும் கட்டினார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் டிஷ்ஷின் தாய் நிறுவனம் எக்கோஸ்டார், அலைக்கற்றையின் ஒரு பெரும்பகுதியைச் சுமார் 2,300 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டிக்கு விற்க ஒப்புக்கொண்டது. பூஸ்ட் பெரும்பாலும் அடுத்தவர் கோபுரங்களையே நம்பும் நிலைக்குப் போனது. இலியாட்டுக்குப் பிரான்சில் கற்ற பாடம் இருந்தது. டிஷ் கைப்பேசி நெட்வொர்க்கைப் புதிதாகக் கற்றுக்கொண்டே கட்ட வேண்டியிருந்தது. சொந்தம் என்ற சொல்லை மட்டும் பார்த்து நம்பக் கூடாது, யாரிடம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இணைப்பையே தடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 2011ல் ஏடி அண்ட் டி 3,900 கோடி டாலருக்கு டி-மொபைலை வாங்க முயன்றது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இழப்பீடாக டி-மொபைலின் தாய் நிறுவனத்துக்கு 300 கோடி டாலரும், டி-மொபைலுக்கு அலைக்கற்றையும் கிடைத்தன. 2013ல் அதே டி-மொபைல் இரண்டு ஆண்டு ஒப்பந்தங்களை ஒழித்து மற்றவர்களைத் திணறடித்தது. ஒரு போட்டியாளரைப் புதிதாக உருவாக்குவதைவிட இருப்பவரைக் காப்பாற்றுவது எளிது என்றே எனக்குப் படுகிறது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிரிட்டனில் வோடஃபோன், ‘3’ இணைப்புக்கு 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோது புதிய போட்டியாளர் யாரையும் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகளில் நெட்வொர்க்கில் 1,100 கோடி பவுண்டு போட வேண்டும், சில ப்ளான்களின் விலைக்கு மூன்று ஆண்டு உச்சவரம்பு. இணைப்பு முடிந்ததே 2025 மே கடைசியில்தான், இப்போதே தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. மூன்று ஆண்டு முடிந்த மறுநாள் விலை என்ன ஆகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

சொந்தக் கோபுர நிறுவனத்தில் எனக்கு ஏழு மாத அனுபவம்தான். டேட்டா விலை பழையதில் பாதிக்கும் கீழே, இரவு எட்டு மணிக்கும் காணொளி ஓடுகிறது. ஆனால் மின்தூக்கிக்குள்ளும் நெடுஞ்சாலையில் சில இடங்களிலும் சிக்னல் போய்விடுகிறது. அங்கே இன்னும் கோபுரம் வரவில்லை. அதனால் வாடகை நிறுவனத்தின் சிம்மையும் தூக்கிப் போடவில்லை. மிகக் குறைந்த ப்ளானில், இரண்டாவது சிம்மாக வைத்திருக்கிறேன்.