மூன்று வருடமாக ஒரு சர்வே செயலி: எல்லாம் நன்று, கடன்_4 தவிர

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: “நீங்க வெச்சிருக்கிற சர்வே ஆப்பை நாங்களும் வாங்கலாமா?” கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சிறிய குழு அவருடையது. எங்களுடையதும் அப்படித்தான். ஃபோனில் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செயலியின் பெயர் வேண்டாம். எக்ஸெல் தாளில் கேள்விகளை எழுதி ஏற்றினால் ஃபோனில் படிவமாக வரும் வகை அது. அந்த வகையில் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு மற்றவையும் ஏறத்தாழ தெரிந்தவைதான்.

களத்தில் அது தங்கம். சிக்னல் இல்லாத ஊரிலும் படிவம் திறக்கும், இரவு அறைக்கு வந்து அனுப்பினால் போதும். தமிழ் எழுத்து உடையாது. தேவையில்லாத கேள்விகளைத் தானே தாண்டிப் போகும். எங்கள் பெண்கள் அரை நாளில் பழகிவிட்டார்கள். மூன்று வருடத்தில் ஒரு வீட்டின் பதில்கூடத் தொலைந்ததில்லை.

பிரச்சினை எக்ஸ்போர்ட்டில், அதாவது பதில்களைக் கணினிக் கோப்பாக இறக்குவதில். அதிலும் வேரியபிளுக்கு, அதாவது கோப்பின் ஒவ்வொரு பத்திக்கும் (column), அது வைக்கும் பெயரில்.

“கடந்த 12 மாதத்தில் எங்கெல்லாம் கடன் வாங்கினீர்கள்?” என்று ஒரு கேள்வி. பல பதில் சொல்லலாம். வங்கிக்கு 1, மகளிர் குழுவுக்கு 2, உறவினருக்கு 3, அடகுக்கடைக்கு 4, கந்துவட்டிக்கு 5, மற்றவைக்கு 98 என்று கோடு (code, பதிலைக் குறிக்கும் எண்) கொடுத்திருந்தோம். எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பத்தி வரும், வாங்கியிருந்தால் 1, இல்லையென்றால் 0. பத்திகளின் பெயர் கடன்_1, கடன்_2 என்று போய் கடன்_6-இல் முடிந்தது. மற்றவை கடன்_98 என்றுதானே வந்திருக்க வேண்டும்? அந்த முரண் அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

இரண்டாம் சுற்றில் மைக்ரோ ஃபைனான்ஸைச் சேர்த்தோம். அங்கேயும் குழுவாக உட்கார வைத்துத்தான் கடன் கொடுக்கிறார்கள் என்பதால், பதில் சொல்பவர்கள் அதை மகளிர் குழுவோடு குழப்பிக்கொண்டார்கள். அதனால் திரையில் மகளிர் குழுவுக்கு அடுத்ததாக வைத்தோம். கோடு 6, இடம் மூன்றாவது. செயலி கோடைப் பார்க்கவில்லை, இடத்தை எண்ணியது. இப்போது கடன்_3 மைக்ரோ ஃபைனான்ஸ், கடன்_4 உறவினர், கடன்_5 அடகுக்கடை, கடன்_6 கந்துவட்டி.

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் இரண்டு சுற்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்த்தேன். சேர்க்கும்போது அது பெயரை மட்டுமே பார்க்கும். பெயர் ஒத்துப்போனால் எந்த எச்சரிக்கையும் வராது, பத்தி எதைப் பற்றியது என்று சொல்லும் லேபிளும் முதல் கோப்பில் இருப்பதே நிற்கும். ஆக, கடன்_4-இன் மேல் “அடகுக்கடை” என்ற லேபிள், உள்ளே பாதி அடகு, பாதி உறவினர். அட்டவணையில் அடகுக் கடன் திடீரென்று குறைந்து, கந்துவட்டி ஏறியிருந்தது. அதற்கு நான் காரணம்கூட யோசித்து எழுதிவிட்டேன். களத்துக்குப் போன பெண் ஒருத்தி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நகை அடகு வைக்காத வீடே நான் பார்க்கலக்கா. இந்தக் கணக்கு தப்பு.” அவள் சொன்னதுதான் சரி. மூலக் கோப்பைப் பிரித்துப் பார்க்க இரண்டு இரவு ஆனது.

நிறுவனத்துக்கு எழுதினேன். வரிசைப்படி பெயர் வருவது வடிவமைப்பிலேயே உள்ளது என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்றும் அது மாறவில்லை. கோபம் வருகிறது என்றால் அதற்குத்தான். கோடு என்பது நாங்கள் யோசித்துக் கொடுத்த எண். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, திரையில் எத்தனையாவது என்பதைப் பெயராக வைக்கும் உரிமையை யார் கொடுத்தது?

தேசிய குடும்ப நல ஆய்வின் தரவைத் திறந்து பாருங்கள். வி012 என்றால் வயது, வி025 என்றால் நகரமா கிராமமா. 1992-93 முதல் சுற்றிலும் அதே, 2019-21 ஐந்தாம் சுற்றிலும் அதே. அதே வகை ஆய்வு நடக்கும் வேறு நாடுகளின் கோப்பிலும் அதே. பார்க்க அழகில்லாத பெயர்கள்தான், ஆனால் ஒரு பெயருக்கு ஒரே பொருள். எனக்கு அது போதும்.

பெயர் நீளத்திலும் ஒரு தொல்லை உண்டு. இந்தச் செயலி கேள்வியின் பெயருக்கு முன்னால் அந்தப் பகுதியின் பெயரையும் ஒட்டுகிறது. ஸ்டேட்டா 32 எழுத்துக்கு மேல் ஏற்காது, எனவே பகுதிப் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். தமிழிலேயே பெயர் வைக்க ஆசைப்பட்டால், எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் 64 பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) வரைதான் தரும். அந்தக் கணக்கில் “கடன்” என்ற சொல்லே 12 பைட், புள்ளிக்கும் 3. நாங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு லேபிளைத் தமிழில் வைக்கிறோம்.

கடன்_4 விவகாரத்துக்குப் பிறகு, செயலி பிரித்துத் தரும் பத்திகளை நாங்கள் தொடுவதே இல்லை. எல்லாப் பதிலும் “1 4 98” என்று ஒரே பத்தியில் வரும் எக்ஸ்போர்ட்டை எடுத்து, கோடை வைத்து நாங்களே பிரிக்கிறோம். அதில் 1-ஐத் தேடினால் 10-உம் 11-உம் சேர்ந்து மாட்டும். 01 என்று கொடுத்தாலோ எக்ஸெல் அந்தச் சுழியத்தைத் தின்றுவிடும். அதனால் இப்போது எல்லாக் கோடுகளையும் 11-இல் தொடங்குகிறோம். “பதில் இல்லை” என்பதற்கு -99 என்று கொடுப்பதையும் விட்டுவிட்டோம், கழித்தல் குறி வேரியபிள் பெயரில் நிற்காது. புதிய ஆப்ஷனுக்குப் புதிய எண், அது திரையில் எங்கே இருந்தாலும் சரி.

சரி, வாங்கலாமா? களத்தில் இதைவிட நல்ல செயலியை நான் கையாண்டதில்லை. ஆனாலும் இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்றாம் சுற்று பாதியில் நிற்பதால் நாங்கள் இன்னொரு வருடத்துக்குப் பணம் கட்டுகிறோம், உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்தச் செயலியைப் பார்த்தாலும் இலவச நாட்களிலேயே ஆறு ஆப்ஷன் உள்ள பல பதில் கேள்வி ஒன்றை வைத்து, கடைசி ஆப்ஷனுக்கு 98 கொடுத்து, பத்துப் பொய்ப் பதிவு போட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 98 என்று வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். 6 என்று வந்தால் பணம் கட்டாதீர்கள்.