பூநாரை பிளேமேட்: ஓராண்டுக்கு மேல் ஆடிய பிறகு

எங்களோடு போகிமான் கார்டு ஆடும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, உங்க மேட் மாதிரியே நானும் ஒண்ணு அடிச்சுக்கலாம்னு இருக்கேன். அந்தக் கடையில இப்ப விலை குறைச்சிருக்காங்க. நல்லா உழைக்குதா?"

அவன் கேட்டது பிளேமேட்டை, அதாவது கார்டு ஆட மேசையில் விரிக்கும், நம் படத்தையே அச்சடித்துக்கொள்ளும் விரிப்பை. நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். மேட்டின் விவரம் வழக்கமானதுதான்: 24-க்கு 14 அங்குலம், 2 மில்லிமீட்டர் ரப்பர், மேலே பாலியெஸ்டர் துணி, சுற்றி ஓரத் தையல்.

படம் என் தங்கை வரைந்தது. பழவேற்காடு ஏரி, தை மாதத்து வெளிச்சம், பூநாரைகள். வரையத் தொடங்கும் முன்பு ஒரு வெள்ளைச் சார்ட்டை அதே அளவுக்கு வெட்டி, அதன் மேல் முழு ஆட்டம் ஒன்றை ஆடி, கார்டு விழுந்த இடத்தையெல்லாம் பென்சிலால் கோடு போட்டு எடுத்தோம். சொந்தமாக மேட் வடிவமைக்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கார்டு 63-க்கு 88 மில்லிமீட்டர் என்றாலும் ஸ்லீவ் என்னும் பிளாஸ்டிக் உறை போட்டால் 66-க்கு 91 ஆகிவிடும். இடப்பக்கம் பரிசாக ஒதுக்கி வைக்கும் பிரைஸ் கார்டுகள் நெடுக்காக இரண்டு வரிசை, நடுவில் பெஞ்சில், அதாவது முறைக்குக் காத்திருக்கும் வரிசையில் ஐந்து, வலப்பக்கம் டெக் என்னும் கார்டுக் கட்டு. குறுக்கே எட்டு கார்டுக்கு 528 மில்லிமீட்டர் போய்விடுகிறது. மேட்டின் நீளமோ கிட்டத்தட்ட 610தான். மிஞ்சும் 82 மில்லிமீட்டரை ஏழு இடைவெளிகளுக்கும் இரண்டு ஓரங்களுக்கும் பங்கு போட்டுப் பாருங்கள். நடுவில் என்ன வரைந்தாலும் ஆட்டம் சூடுபிடித்ததும் அது கண்ணுக்குத் தெரியாது.

பெரும்பாலான மேட்டுகளில் கதாநாயகனின் முகம் நட்டநடுவே இருக்கும். அப்போது களத்தில் நிற்கும் ஆக்டிவ் கார்டை அங்கே வைத்ததும் மூக்கும் வாயும் போய்விடும். தங்கை அதைத் தலைகீழாக யோசித்தாள். நடுவில் வெறும் தண்ணீர். பூநாரைகள் இரண்டு ஓரங்களிலும் கீழ்ப் பட்டையிலும் நிற்கின்றன. கட்டம் கட்டமாக இடம் குறிக்காமல், பெஞ்சுக்கு ஐந்து அலைவளையங்களை மட்டும் மெலிதாக வரைந்தாள். கார்டு இல்லாதபோது அது தண்ணீரில் எழும் வளையம், ஆடும்போது கார்டு வைக்கும் இடம். எதிரே உட்காருகிறவர்கள் நாலைந்து சுற்று போன பிறகுதான் அதைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

நிறம் பற்றிச் சுருக்கமாக. இது டை சப்ளிமேஷன் அச்சு. சாயம் சூட்டில் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் இறங்கிவிடும். அதனால் உரியாது, வெடிக்காது. ஆனால் திரையில் ஒளிரும் நிறம் துணியில் அடங்கித்தான் விழும். கடைக்காரர் உள்ளங்கை அளவுக்கு மாதிரி ஒன்று அடித்துக் கொடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி. மாதிரியில் இளஞ்சிவப்பு செங்கல் நிறமாக வந்திருந்ததைப் பார்த்துத் தங்கை இரண்டு படி வெளுப்பாக்கினாள். இந்த அச்சில் வெள்ளை மை கிடையாது, துணியின் வெண்மைதான் வெள்ளை. கை ஊன்றும் இடத்தில் வெள்ளை இருந்தால் சென்னை வியர்வையில் அதுதான் முதலில் பழுப்பேறும். பழுப்பேறினால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, மெதுவாகத் தேய்த்து அலசி, நிழலில் விரித்துப் போட்டால் போதும். அயர்ன் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

சுருட்டும்போது படம் வெளிப்பக்கமாக இருக்கட்டும். பிரித்தால் ஓரங்கள் மேசையைப் பார்த்து வளையும், கார்டைத் தூக்கிவிடாது. புது ரப்பரின் வாடை பால்கனியில் விரித்து வைத்ததும் மெல்லப் போய்விட்டது. வெறும் மேசையில் ஸ்லீவ் போட்ட கார்டை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். இதில் விரலை லேசாக அழுத்தினால் கார்டு தானே எழும்பி வரும். பகடை உருளும் சத்தம்கூட வராது.

இனி என் வயிற்றெரிச்சல். படத்தில் மேல் ஓரத்திலிருந்து 40 மில்லிமீட்டர் கீழே ஏரியும் வானமும் சேரும் கோடு இருக்கிறது. கடை கொடுத்த அளவுத்தாளில் வெட்டுக்காக ஒதுக்கச் சொன்ன இடத்தைத் தாண்டி, பத்திரமான இடத்தில்தான் அந்தக் கோட்டை வைத்தாள் தங்கை. கையில் வந்த மேட்டிலோ அந்தக் கோடு இடக்கோடியில் 38, வலக்கோடியில் 42. நாலு மில்லிமீட்டர் கோணல். ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நடுவில் இருந்திருந்தால் கார்டு மூடியிருக்கும். ஆட்டம் முழுக்கக் கண்ணில் படுவது ஓரம் மட்டும்தான் என்பதற்காகவே ஓரத்தை அப்படி இழைத்திருந்தோம். அந்த ஓரத்தில்தான் கோணல்.

கடையில் கேட்டேன். "ரெண்டு மூணு மில்லி முன்னப்பின்ன வரத்தான் சார் செய்யும்" என்றார்கள். நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சூட்டழுத்தத்தில் ரப்பரும் துணியும் கொஞ்சம் இழுபடும், சுருங்கும், அச்சு அணுப் பிசகாமல் விழாது. அதற்காகத்தான் ஓரத்தில் கூடுதலாக அச்சடித்துவிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் இது சுருக்கத்தால் வந்ததில்லை. துணியை நேராக வைக்காமல் வெட்டியதால் வந்தது. அடையாளக் கோடு போட்டு, அதன் மேல் ஸ்கேல் வைத்து வெட்டினால் வராது.

யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்று இத்தனை நாளும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மாதம் கீழ் வலது மூலையில், என் மணிக்கட்டு உரசும் இடத்தில், தையல் பிரிந்தது. தெருமுனை டைலரிடம் கொண்டுபோனேன். ரப்பர் இழுக்கும், ஓவர்லாக் மெஷினில் ஓடாது என்று சொல்லி, கையாலேயே காஜா தையல் மாதிரி நெருக்கமாகப் போட்டுக் கொடுத்தார். கடைத் தையலைவிட அது உறுதியாக இருக்கிறது. மேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, "சார், படமே கோணலா அடிச்சிருக்கே, பாத்தீங்களா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே தம்பி, துணி நல்லது, சாயம் நல்லது, ஓராண்டுக்கு மேல் வாரக் கடைசி தவறாமல் ஆடியும் நிறம் மங்கவில்லை, விலையும் குறைந்திருக்கிறது. இருந்தாலும் அந்தக் கடையில் போடாதே. தங்கை ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து வரைந்ததை ஸ்கேல் வைக்காமல் வெட்டியவர்களுக்கு என் வாயால் ஆள் அனுப்ப மாட்டேன். வேறு கடையில் போடுவதானாலும் வெட்டும் முன்பு மேட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல். முடியாது என்றால் முன்பணம் கொடுக்காதே.