கதிர்ப்பு மூலங்களுக்கு அனுமதிப்பத்திர விலக்கு: மூன்று வழிகளில் எது நமக்குப் பொருந்தும்?

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள், தாம் படித்த யாழ்ப்பாணப் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடப் பொருட்களை அனுப்பிவைப்பது நெடுநாளைய வழக்கம். நுணுக்குக்காட்டியோ தராசோ வந்தால் அலுவல் சுங்கத்தோடு முடிந்துவிடும். உயர்தர வகுப்புப் பௌதிகவியலுக்கென்று கதிர்ப்பை அளக்கும் கைகர் எண்ணி ஒன்றும், அதனோடு பொத்தான் அளவான சில கதிர்த்தொழிற்பாட்டு வில்லைகளும் பெட்டிக்குள் இருந்தால் நிலைமை வேறு. அமெரிக்க விற்பனையாளர் "அனுமதிப்பத்திரம் தேவையில்லை" என்று அச்சிட்டு ஒட்டிய வரி அந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றியது மட்டுமே. இலங்கையில் அதற்குச் சட்ட வலு எதுவும் இல்லை.

இங்கே 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கிய ஒரே அதிகாரசபைக்குப் பதிலாக, அணுசக்தியைப் பயன்படுத்தி வளர்ப்பதற்கு ஒரு சபையையும், பாதுகாப்பைக் கண்காணித்து அனுமதிப்பத்திரம் வழங்குவதற்கு ஒழுங்குபடுத்தல் பேரவையையும் அது தனித்தனியே நிறுவியது. அயனாக்கும் கதிர்ப்பைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதே பொதுவிதி. விலக்கு அந்தப் பொதுவிதிக்கு ஒழுங்குபடுத்துநர் தெரிந்தே அளிக்கும் விதிவிலக்கே அன்றி, பொருளோடு கூடப் பிறந்த குணம் அன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால், உலகில் வழங்கும் மூன்று வழிகளை நிதானமாக ஒப்பிடலாம்.

முதல் வழி எண்களை எல்லையாக வைப்பது. சர்வதேச அணுசக்தி முகவரகம் 2014இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்பு நியமங்கள், விலக்களிக்கப்பட்ட ஒரு செயற்பாட்டால் எந்த ஒருவருக்கும் ஆண்டொன்றுக்குக் கிடைக்கக்கூடிய கதிர்ப்பு 10 மைக்கிரோசீவேர்ட் (சீவேர்ட் என்பது உடல் பெறும் கதிர்ப்பின் அலகு) அளவில் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. இயற்கையிலிருந்து மட்டும் உலகச் சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட், அதாவது 2,400 மைக்கிரோசீவேர்ட், பெறுவதால், இது ஏறத்தாழ ஒன்றரை நாள் இயற்கைக் கதிர்ப்புக்கு மட்டுமே சமம். இந்த அளவுகோலிலிருந்து ஒவ்வொரு கதிர்ச் சமதானிக்கும், அதாவது கதிர்வீசும் அணுவகைக்கும், பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) எல்லைகள் கணிக்கப்பட்டுள்ளன: சீசியம் 137க்கு 10,000, கோபால்ற்று 60க்கு 1,00,000, அமரிசியம் 241க்கு 10,000, திரித்தியத்துக்கு 100 கோடி. இவை ஒரு வில்லைக்கு உரிய எல்லைகள் அல்ல. ஒரு வளாகத்தில் ஒரே நேரத்தில் இருக்கும் மொத்தத்துக்கு உரியவை. பல சமதானிகள் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றும் தன் எல்லையில் எத்தனை பங்கு என்று கணித்து, அப்பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டாதிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி அமெரிக்காவினுடையது. அங்கும் அளவுப் பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் அதன் எண்கள் வேறு. சீசியம் 137க்கு 10 மைக்கிரோகியூரி, அதாவது 3,70,000 பெக்கரல், விலக்களிக்கப்பட்ட அளவு. சர்வதேச எல்லையின் 37 மடங்கு இது. ஆகவே அங்கே கடையில் தடையின்றி வாங்கக்கூடிய 5 மைக்கிரோகியூரி சீசியம் வில்லை, 1,85,000 பெக்கரலோடு, சர்வதேச எல்லையைப் பதினெட்டரை மடங்கு தாண்டி நிற்கிறது. சீசியத்தின் அரைவாழ்வு, அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டு என்பதால், அது தானாகவே தேய்ந்து அந்த எல்லைக்குள் வர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதை வைத்து அமெரிக்க விதி எங்கும் தளர்வானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்ரொன்சியம் 90க்கு அவர்கள் அனுமதிப்பது 3,700 பெக்கரல் மட்டுமே. சர்வதேச எல்லையோ 10,000. இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கணிப்புகளின் மேல் எழுந்தவை என்பதால், ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்க முடியாது.

ஆனால் அமெரிக்க வழியின் உண்மையான பலம் அந்தப் பட்டியலில் இல்லை. பொருள்வகைக்கு விலக்களிக்கும் முறையில் இருக்கிறது. புகை உணர்கருவி இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அயனாக்க வகைக் கருவியொன்றில் வழக்கமாக 37,000 பெக்கரல் அளவில் அமரிசியம் 241 இருக்கும். எண் எல்லையை மட்டும் பிடித்துக்கொண்டால், வீட்டுக் கூரையில் ஒன்றைப் பொருத்தும் ஒவ்வொருவரும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் அவ்வாறு இல்லை: உற்பத்தியாளரும் விநியோகத்தரும் கடுமையான அனுமதிப்பத்திரத்தின் கீழ் வருகிறார்கள், அதைத் தமது பாவனைக்கு வாங்கிப் பொருத்துபவர் விலக்குப் பெறுகிறார். பாதுகாப்புப் பொறுப்பு கருவியை வடிவமைத்தவரிடமே நிற்கிறது என்பதால், இதை நான் மிகவும் நேர்மையான ஏற்பாடாகக் கருதுகிறேன். சர்வதேச நியமங்களும் இந்தத் தேவையை உணர்ந்து, ஒழுங்குபடுத்துநர் அங்கீகரித்த வகையைச் சேர்ந்ததாகவும், மூலம் கைபடாதவாறு அடைக்கப்பட்டதாகவும், மேற்பரப்பிலிருந்து 10 சென்ரிமீற்றரில் மணிக்கு 1 மைக்கிரோசீவேர்ட்டுக்கு மேற்படாததாகவும் உள்ள கருவிகளுக்கு விலக்கு வழங்க இடம் வைத்திருக்கின்றன.

மூன்றாவது வழி படிமுறையானது. பிரித்தானியாவில் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அயனாக்கும் கதிர்ப்பு ஒழுங்குவிதிகள், வேலைகொள்வோரை ஆபத்தின் அளவுக்கேற்ப அறிவித்தல், பதிவு, இசைவு என்று மூன்று படிகளில் நிறுத்துகின்றன. சிறு அளவு மூலம் வைத்திருப்பவர் அறிவித்தால் போதும். எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தொழிற்சாலைக் கதிர்ப்படப் பரிசோதனை, நோயாளரின் உடலில் கதிர்ப்பொருளைச் செலுத்துதல் போன்றவற்றுக்கு இசைவு பெற வேண்டும். பதிவு என்பது இணையத்தில் சில கேள்விகளுக்கு விடையளித்து 25 பவுண் செலுத்துவதோடு முடிந்துவிடும் ஓர் எளிய செயல். இந்தப் படிகளுக்குள் வரும் எவரும் அரசின் கண்ணுக்கு முற்றாக மறைந்துவிடுவதில்லை. அதேவேளை ஒரு சிறிய ஆய்வுகூடம் பெரிய வைத்தியசாலைக்குரிய கோவைகளைச் சுமக்கவும் வேண்டியதில்லை.

நமது பாடசாலைகளுக்கு எது பொருந்தும்? எண் எல்லையின் நன்மை, எவரும் காகிதத்தில் கணித்து விடை காணலாம் என்பது. 37,000 பெக்கரல் கோபால்ற்று வில்லை ஒன்றும் 3,700 பெக்கரல் ஸ்ரொன்சியம் வில்லை ஒன்றும் சேர்ந்தால் பங்குகளின் கூட்டுத்தொகை 0.74; எல்லைக்குள் வருகிறது. அவற்றோடு 1 மைக்கிரோகியூரி சீசியம் வில்லை ஒன்றைச் சேர்த்ததுமே அது நான்கைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அதே சீசியம் வில்லை 10 சென்ரிமீற்றரில் தருவது மணிக்குச் சுமார் 0.3 மைக்கிரோசீவேர்ட் மட்டுமே என்பதால், கருவிவகை அங்கீகாரம் என்ற வாயிலால் அதற்கு வழி கிடைக்கலாம். 5 மைக்கிரோகியூரி வில்லையோ சுமார் 1.7 தருவதால் அந்த வாயிலும் அதற்கு மூடியே இருக்கும். எனவே நன்கொடையாளர் சீசியத்தைத் தவிர்த்து, முதல் இரண்டோடு நிற்பது அறிவுடைமை. அப்போதும், சமதானியின் பெயர், அளக்கப்பட்ட திகதியோடு கூடிய பெக்கரல் அளவு, அடைப்பு உறுதிச் சான்றிதழ், பாவனை முடிந்தபின் உற்பத்தியாளர் திருப்பி எடுப்பாரா என்ற விபரம் ஆகியவற்றை எழுதி, பொருள் கப்பலேற முன்னரே பேரவையின் எழுத்துமூலப் பதிலைப் பெற வேண்டும்.

என்றாலும் தனியே எண் எல்லையை நம்பி நிற்பதை நான் விரும்பவில்லை. விலக்குப் பெற்ற வில்லை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றபின் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அது என்னவென்று அடுத்தவருக்குத் தெரியாது. பிரித்தானிய முறையைப் போன்ற ஓர் எளிய அறிவித்தலாவது இருந்தால், எந்தப் பாடசாலையில் எது உள்ளது என்பது எவருக்காவது தெரிந்திருக்கும். ஆகவே பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்கும் மூன்றாவது வழியையே நான் தெரிவு செய்வேன். புகை உணர்கருவி பொருத்தும் விடுதிகளுக்கு இரண்டாவதே தகும். ஒளியைக் கொண்டு புகையை உணரும் ஒளிமின் வகையில் கதிர்மூலமே இல்லாததால், அதை வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

பல் வைத்தியரின் எக்ஸ்ரே இயந்திரத்துக்கு இம்மூன்றிலும் விலக்குத் தேடுவது வீண். மனித உடல்மேல் வேண்டுமென்றே கதிரைச் செலுத்தும் செயல், இயந்திரம் எவ்வளவு சிறியதாயினும், விலக்கின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

கடைசியாக, பலர் கவனிக்காத ஓர் இடம்: ஆர்கன் வெல்டிங் செய்யும் பட்டறைகள். சிவப்பு நுனி கொண்ட தங்குதன் (டங்ஸ்டன்) கோல்களில் 2 வீதம் தோரியம் ஒட்சைட்டு உண்டு; 2.4 மில்லிமீற்றர் தடிப்பும் 175 மில்லிமீற்றர் நீளமும் உள்ள ஒரு கோலில் இது ஏறத்தாழ 1,000 பெக்கரல். அமெரிக்க விதிகள் வெல்டிங் கோல்களிலுள்ள தோரியத்துக்குப் பெயர் சொல்லியே விலக்களிக்கின்றன. எண் வழியிலோ தோரியத்தின் எல்லை கிராமுக்கு 10 பெக்கரல் அல்லது மொத்தம் 10,000 பெக்கரல் என்பதால், ஒரு கோலை வைத்திருப்பவர் மொத்த அளவால் தப்பினாலும், பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இரும்புக்கடைக்காரர் தப்பமாட்டார். இங்கே இரண்டு வழிகளுமே முக்கியமான ஒன்றை விட்டுவிடுகின்றன: கோல் முழுதாய் இருக்கும்வரை தீங்கு மிகச் சிறிது, அதன் நுனியைச் சாணைச் சில்லில் தீட்டும்போது எழும் தூசியைச் சுவாசிப்பதே ஆபத்து. பொன்னிற அல்லது நீல நுனி கொண்ட லந்தனம் கோல்கள் இதே வேலையைச் செய்கின்றன. கையிருப்பில் சிவப்பு நுனிக் கோல்கள் மீந்திருந்தால், அவை தீரும்வரை தூசியை உறிஞ்சி வடிகட்டும் ஏற்பாட்டோடும் முகமூடியோடும் மட்டுமே தீட்ட வேண்டும். தீட்டிய தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.