டிஜிடாக்டா, சர்க்யூட் ரிதமா: சமத்துக்கு வந்து சேரும் பெட்டி எது?

கம்ப்யூட்டரைத் திறக்காமல், தானாக ஓடித் தானாக மாறிக்கொண்டே போகும் தாள இசை செய்ய ஒரு பெட்டி வேண்டும் என்று தேடினால், ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று நோவேஷனின் சர்க்யூட் ரிதம், 2021இல் வந்தது. இன்னொன்று எலெக்ட்ரானின் டிஜிடாக்ட், 2017இல் வந்த முதல் மாடல், இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைப்பது. நான் டிஜிடாக்ட் வாங்கினேன், இன்னொரு தடவை வாங்குவதாக இருந்தாலும் அதையேதான் வாங்குவேன். சர்க்யூட் ரிதம் நண்பர் ஒருவருடையது, ஒரு கோடை முழுக்க என் மேசையில் இருந்தது, அதனால் அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஒரு கோடையின் பழக்கத்தில் சொல்வதுதான்.

ஒற்றுமைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் எட்டு ஆடியோ டிராக், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் எட்டு ஒலி வரிசைகள். இரண்டிலும் வெளியிலிருந்து ஒலியை உள்ளே பதிவு செய்யலாம். ரிவெர்ப், டிலே இரண்டிலும் உண்டு. சர்க்யூட்டில் திரை கிடையாது, எல்லாமே வண்ணம் வண்ணமாக எரியும் பேடுகள்தான், பழகிவிட்டால் கை தானாகப் போகும். டிஜிடாக்டில் சின்னத் திரை இருக்கிறது, மெனுவுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும், சாம்பிள்கள், அதாவது பதிவு செய்து வைத்த ஒலித் துண்டுகள், மோனோ மட்டும். சர்க்யூட்டின் பேட்டர்ன், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று, அதிகபட்சம் 32 ஸ்டெப் (ஒரு அடி விழக்கூடிய சின்ன இடம்தான் ஸ்டெப்), டிஜிடாக்டில் 64.

ரோலண்டின் பழைய தாள இயந்திரங்களான 808, 909 ஒலிதான் உயிர் என்பவர்கள் ரோலண்ட் டிஆர்-8எஸ் பக்கம் போகலாம், பதினோரு டிராக்குக்கும் தனித்தனி ஃபேடர் இருப்பது மேடையில் பெரிய சுகம். எஸ்பி-404 எம்கே2வும் அருமையான பெட்டி, எஃபெக்டுகளுக்காகவே வாங்கலாம், ஆனால் என் கணக்கில் அது கையால் அடித்துப் பதிகிறவர்களுக்கானது. விதிகளைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து கேட்கிற வேலைக்கு மேலே சொன்ன இரண்டும்தான் பொருத்தம்.

இந்த வேலையின் முதல் பாதி வெறும் கணக்கு. ஒவ்வொரு டிராக்குக்கும் வேறு வேறு நீளம் கொடுத்துவிட்டால் போதும். நம் தாளத்தின் ஜாதிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிராக் 16 ஸ்டெப், இன்னொன்று மிஸ்ரத்துக்கு 7, அடுத்தது கண்டத்துக்கு 5, இன்னொன்று சங்கீர்ணத்துக்கு 9. நான்கும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி ஒன்றாகச் சேர 5040 ஸ்டெப் ஆகும். 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில், தட்டுக்கு நான்கு ஸ்டெப் வீதம் நிமிடத்துக்கு 360 ஸ்டெப், ஆக சரியாக 14 நிமிடம். நான்கே டிராக்கில் 14 நிமிடத்துக்குத் திரும்ப வராத இசை! இதை இரண்டு பெட்டியும் செய்யும். சர்க்யூட்டில் ஒவ்வொரு டிராக்குக்கும் தொடக்க ஸ்டெப், முடிவு ஸ்டெப் வைக்கலாம், ஓடும் திசையைத் தலைகீழாக்கலாம், ஸ்டெப்புகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் தாவித் தாவி ஓடவும் விடலாம். இந்தப் பாதியில் சர்க்யூட் ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அந்தத் தாவல் ஓட்டம் என் டிஜிடாக்டில் இல்லை.

இரண்டாம் பாதிதான் விஷயமே. அதுதான் என் முடிவைத் தீர்மானித்தது, மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

சர்க்யூட் ரிதத்தில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ப்ராபபிலிட்டி கொடுக்கலாம், எட்டு நிலைகள், ஏறத்தாழ 12 சதவீதத்தில் தொடங்கி 100 வரை. 50 என்று வைத்தால் அந்த அடி பாதி தடவை விழும், பாதி தடவை விழாது. ஹை-ஹாட்டுக்கும் சலங்கைக்கும் இது போதும். மேற்கத்திய நாலுக்கு நாலு தாளத்தில் அடிநாதமான கிக் அசையாமல் நிற்க, மேலே தூவினமாதிரி ஒலிகள் வந்து போனால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தவில், உருமி, பறை என்று நம் ஊர் ஒலிகளை ஏற்றியதும் கதை மாறிவிட்டது. திருமங்கலம் பக்கத்தில் தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் சர்க்யூட்டில் செய்ததைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "அடியெல்லாம் சரியாத்தான் விழுகுது தம்பி, ஆனா எங்க போயி உக்காரணும்னு இவனுக்குத் தெரியலையே" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 16 ஸ்டெப் கொண்ட ஒரு சுற்று. 2ஆம் ஸ்டெப்பில் தொடங்கி ததிகிணதொம் என்ற ஐந்தடிச் சொற்கட்டை மூன்று முறை வைத்தால் 15 ஸ்டெப் ஆகும், 16இல் முடிந்து அடுத்த சுற்றின் 1இல், அதாவது சமத்தில், போய் விழும். எளிமையான தீர்மானம், அதாவது ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்துச் சமத்தில் முடிப்பது. இது எப்போதாவது வரட்டும் என்று அந்தப் பதினைந்து அடிக்கும் 50 சதவீதம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பெட்டி பதினைந்து தடவை தனித்தனியாகக் காசு சுண்டும். பதினைந்தும் விழுந்து தீர்மானம் முழுசாக வருவது சராசரியாக 32,768 சுற்றுக்கு ஒரு தடவை. 90 பிபிஎம்மில் அது ஒரு முழு நாளைக்கும் கொஞ்சம் கூட! மற்ற சுற்றுகளில் எல்லாம் கேட்பது தீர்மானத்தின் சிதறல்தான். 87 சதவீதத்துக்கு ஏற்றினாலும் ஏழெட்டுச் சுற்றில் ஒன்றுதான் முழுசாக வரும், மீதியில் நடுவே ஒன்றிரண்டு அடி காணாமல் போயிருக்கும், கேட்பவருக்கு அது வாசிப்பவர் தடுக்கி விழுந்ததாகத்தான் படும்.

டிஜிடாக்டில் இதற்குத்தான் ட்ரிக் கண்டிஷன் என்று ஒன்று இருக்கிறது, ஒரு அடி எப்போது விழ வேண்டும் என்கிற விதி. சதவீதம் அதில் ஒரு வகை மட்டும். 4:4 என்று வைத்தால் அந்த அடி நான்கு சுற்றுக்கு ஒரு முறை, நான்காவது சுற்றில் மட்டும் விழும். 1:2 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. எட்டு சுற்று வரை இப்படிக் கணக்கு வைக்கலாம். அதைவிட முக்கியமானது பிஆர்இ என்கிற கண்டிஷன். அதே டிராக்கில் இதற்கு முன்னால் வந்த கண்டிஷன் பலித்திருந்தால் இந்த அடியும் விழும், இல்லையென்றால் விழாது, அவ்வளவுதான். ஆக தீர்மானத்தின் முதல் அடிக்கு மட்டும் 25 சதவீதம், மீதிப் பதினான்குக்கும் பிஆர்இ. இப்போது பெட்டி ஒரே ஒரு தடவைதான் காசு சுண்டுகிறது. வந்தால் தீர்மானம் முழுசாக வரும், இல்லையென்றால் ஒரு அடிகூட வராது. எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது, ஆனால் வந்தால் சமத்தில்தான் போய் நிற்கும்.

இதற்கு எதிர்ப்பதமும் உண்டு, முந்தைய கண்டிஷன் பலிக்காவிட்டால் மட்டும் விழுகிற அடி. அதை வைத்து தீர்மானம் வராத சுற்றுகளுக்கு வேறொரு நடை கொடுக்கலாம். என்இஐ என்று இன்னொன்று, பக்கத்து டிராக்கில் கடைசியாக என்ன நடந்தது என்று பார்த்து முடிவெடுப்பது. தவில் டிராக்குக்கு அடுத்த டிராக்கில் உருமியை வைத்து, தவிலில் தீர்மானம் வந்தால் மட்டும் உருமி ஒரு இழுப்பு இழுத்துப் பதில் சொல்வது போல் செய்திருக்கிறேன். கேட்கக் கேட்க இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிப்பது மாதிரியே இருக்கும்.

அப்புறம் சமத்தின் மேல் ஒரு விதி எனக்கு. 1ஆம் ஸ்டெப்பில் தவிலின் தொப்பி அடிக்கு, அதாவது கனமாக ஒலிக்கும் பக்கத்து அடிக்கு, எந்தக் கண்டிஷனும் கிடையாது, அது விழுந்தே ஆக வேண்டும். 7, 5 என்று ஓடும் டிராக்குகள் எங்கே போனாலும், மாஸ்டர் நீளத்தை 64 என்று வைத்துவிட்டால் நான்கு ஆவர்த்தனத்துக்கு, அதாவது நான்கு 16 ஸ்டெப் சுற்றுக்கு, ஒரு முறை எல்லா டிராக்கும் ஒன்றாகச் சமத்துக்குத் திரும்பிவிடும். திரும்பவே வேண்டாம், அந்த 14 நிமிடச் சுற்றுதான் வேண்டும் என்றால் முடிவிலி என்று வைக்கலாம். கலியாண மண்டபத்து நாகஸ்வரமும் திருவிழா நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த காதுக்கு 64தான் நிம்மதி, எனக்கும் அப்படித்தான்.

சர்க்யூட்டில் இதற்கு மாற்று வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு டிராக்கிலும் எட்டு பேட்டர்ன் வரை சங்கிலியாகக் கோர்க்கலாம், நான்காவதில் மட்டும் தீர்மானத்தை வைத்தால் 4:4 கிடைத்துவிடும். ஆனால் நடையில் ஒரு அடி மாற்ற வேண்டுமென்றால் நான்கு இடத்திலும் மாற்ற வேண்டும், தீர்மானமும் தவறாமல் நான்காவதில் வந்துகொண்டே இருக்கும், வருமா வராதா என்கிற எதிர்பார்ப்பு போய்விடும். இன்னொரு வழி, தீர்மானம் முழுவதையும் ஒரே சாம்பிளாகப் பதிந்து ஒரே ஸ்டெப்பில் வைத்து, அந்த ஸ்டெப்புக்கு ப்ராபபிலிட்டி கொடுப்பது. இது நன்றாகவே வேலை செய்யும், டெம்போவைத் தொடாத வரைக்கும். ம்யூட்டேட் என்று ஒரு வசதியும் உண்டு, ஸ்டெப்புகளில் இருக்கும் சாம்பிள்களைக் கலைத்துப் போடும். புது யோசனை பிடிக்க அது அருமை, ஆனால் ஒவ்வொரு முறையும் நாம்தான் அழுத்த வேண்டும், பேட்டர்னும் மாறிவிடும், அதனால் முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

ஒலியை மாற்றிக்கொண்டே இருப்பதிலும் டிஜிடாக்டுக்கு ஒரு கூடுதல் பலம், எல்எஃப்ஓ, அதாவது ஒலியின் ஏதாவது ஒரு அம்சத்தைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் அலை. சர்க்யூட் ரிதத்தில் அது கிடையாது. செல்லூரில் தறி ஓடும் சத்தத்தை ஃபோனில் பிடித்து வந்து ஒரு டிராக்கில் போட்டேன். எல்எஃப்ஓவை ரேண்டம் அலைக்கும் ஹோல்ட் முறைக்கும் மாற்றி, சாம்பிளின் தொடக்கப் புள்ளியில் மாட்டினால், ஒவ்வொரு அடிக்கும் தறிச் சத்தத்தின் வேறு வேறு துண்டு கேட்கும். நாடா ஓடுவது ஒரு தடவை, பலகை வந்து மோதுவது ஒரு தடவை. உருமிக்கு இது இன்னும் பொருத்தம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த உறுமலை நீளமாகப் பதிந்து வைத்துக்கொண்டால், ஒரே பதிவிலிருந்து எத்தனையோ இழுப்பு எடுக்கலாம். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப அதே மாதிரி விழுந்தால் நம் காது உடனே கண்டுபிடித்துவிடும், அதைத் தடுக்க இதுதான் வழி.

கரண்ட் விஷயத்தில் சர்க்யூட்தான் ஜெயிக்கிறது. உள்ளேயே பேட்டரி, சுமார் நான்கு மணி நேரம், யுஎஸ்பி-சியில் சார்ஜ். மொட்டை மாடிக்கோ தெப்பக்குளத்துப் படிக்கோ தூக்கிப் போய் உட்காரலாம். டிஜிடாக்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் கட்டாயம், பேட்டரி இல்லை, மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் சும்மா இருக்கும். வீட்டு வைஃபை ரூட்டருக்கு மாட்டுகிற 12 வோல்ட் சின்ன யுபிஎஸ்ஸில்தான் இப்போது என்னுடையதை ஓட்டுகிறேன். 2 ஆம்பியர் தருகிறதா, பின்னின் அளவும் துருவமும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துவிட்டு மாட்டுங்கள். உள் பேட்டரி மதுரை வெயிலில் வருடக்கணக்கில் எப்படித் தாங்கும் என்பதற்கு ஒரு கோடை அனுபவம் போதாது, பொதுவாக லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது என்பதால் எந்தப் பெட்டியையும் பரணில் வைக்காதீர்கள். தூசிக்கு இரண்டுக்கும் ஒரு மூடி தேவை, அவ்வளவுதான்.

2024இல் வந்த டிஜிடாக்ட் 2இல் பதினாறு டிராக், ஸ்டீரியோ சாம்பிள், 128 ஸ்டெப், யூக்ளிடியன் சீக்வென்சர் எல்லாம் உண்டு. நான் அதைக் கொஞ்ச நேரம்தான் தொட்டுப் பார்த்தேன். யூக்ளிடியன் என்பது இத்தனை ஸ்டெப்பில் இத்தனை அடியை முடிந்தவரை சமமாகப் பரப்பிக் கொடுப்பது. நன்றாக இருக்கிறது, ஆனால் நான் மேலே சொன்ன தீர்மான வேலைக்குப் பழையதே போதும், விலை வித்தியாசத்தை நல்ல ரிக்கார்டருக்கும் மைக்குக்கும் போடலாம்.

பட்ஜெட் இன்னும் இறுக்கம் என்றால் எலெக்ட்ரானின் மாடல்:சாம்பிள்ஸ் பாருங்கள். ஆறு டிராக்தான், நேரடியாக ஒலியைப் பதிவு செய்ய இன்புட் இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து சாம்பிள்களை ஏற்ற வேண்டும். ஆனால் பிஆர்இ, என்இஐ, 4:4 எல்லாம் அதிலும் இருக்கின்றன, டிராக்குக்கு ஒரு எல்எஃப்ஓவும் உண்டு. சர்க்யூட்டா, மாடல்:சாம்பிள்ஸா என்று கேட்டால்கூட இந்த வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெளியே தூக்கிப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து ஹவுஸ், ஹிப்-ஹாப் என்று அடிப்பதுதான் நோக்கம் என்றால் சர்க்யூட்டையே வாங்குங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள்.

மதுரையில் நான் விசாரித்த கடைகளில் இவற்றைத் தொட்டுப் பார்க்க வழி இல்லை, சென்னையிலோ பெங்களூரிலோ விற்பவரிடம் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்ட் டிஜிடாக்ட் என்றால் ஒரிஜினல் அடாப்டரோடு கேளுங்கள். எட்டு குமிழையும் மெதுவாகத் திருப்பித் திரையில் எண் குதிக்காமல் ஏறுகிறதா பாருங்கள், பதினாறு ட்ரிக் பட்டனும் ஒரு அழுத்துக்கு ஒரு தடவைதான் பதிகிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், இரண்டு இன்புட்டிலும் ஃபோனைச் செருகி ஒலி வருகிறதா கேளுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லாத விற்பனையாளர் என்றால் அடுத்த ஆளைப் பார்க்கலாம்.