ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், எக்ஸ்போ: எந்த டாக்டர் எதைப் பார்க்கிறது?

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், எக்ஸ்போ மூன்றும் மொபைல் ஆப் எழுத உதவும் கருவித்தொகுப்புகள். இவற்றில் எழுதிய ஆப் பில்ட் ஆகவில்லை (எழுதிய குறியீடு ஓடும் ஆப்பாக மாறவில்லை) என்றால் பலரும் முதலில் ஓட்டுவது, கோளாறு எங்கே என்று சோதிக்கும் டாக்டர் கமாண்டைத்தான். வரிசையாகப் பச்சை டிக் விழும். பில்ட் மட்டும் அதே பிழையோடு நிற்கும். டாக்டர் என்று பெயர் வைத்த கருவிகள் எல்லாம் ஒரே இடத்தைச் சோதிப்பதில்லை. ஃப்ளட்டர் டாக்டர் கணினியைப் பார்க்கிறது, ப்ராஜெக்ட்டைப் பார்ப்பதில்லை. எக்ஸ்போ டாக்டர் ப்ராஜெக்ட்டைப் பார்க்கிறது. கணினியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருள்) இருக்கிறதா என்பதே அதற்குக் கவலை இல்லை. ரியாக்ட் நேட்டிவ் டாக்டர் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்.

கணினியைச் சோதிப்பதில் ஃப்ளட்டர் டாக்டர்தான் முதலிடம். ஃப்ளட்டர் எஸ்டிகே (ஆப் எழுதத் தேவையான கருவிகளின் தொகுப்பு), ஆண்ட்ராய்டு டூல்செயின் (ஆண்ட்ராய்டு பில்டுக்கான கருவிகள்), எக்ஸ்கோட் (ஐஓஎஸ் பில்டுக்கான ஆப்பிளின் மென்பொருள்), குரோம், எடிட்டர்கள், இணைத்த சாதனங்கள், நெட்வொர்க் என்று பிரித்துக் காட்டும். டிக் என்றால் சரி, ஆச்சரியக்குறி என்றால் அரைகுறை, பெருக்கல் குறி என்றால் அந்தப் பகுதியே வேலை செய்யாது. வெறுமனே ஓட்டாமல் எப்போதும் ‘வி’ ஃப்ளாகோடு (விரிவாகக் காட்டச் சொல்லும் குறி) ஓட்டுங்கள். எஸ்டிகே எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த ஜாவா பைனரி (ஜாவாவை இயக்கும் ஃபைல்) எடுபடுகிறது என்ற இரண்டும் அப்போதுதான் தெரியும். சிக்கலில் பாதி அந்த இரண்டு வரியிலேயே பிடிபடும். பாத்தில் (கமாண்டுகளைக் கணினி தேடும் ஃபோல்டர் பட்டியல்) இரண்டு ஃப்ளட்டர் இருந்தாலும் எச்சரிக்கும். ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் சர்வர்) வைத்த அலுவலகங்களில், அதன் வழியே போகக் கூடாதவற்றைச் சொல்லும் நோ-ப்ராக்ஸி பட்டியலில் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) விடுபட்டிருப்பதையும் சொல்லிவிடும். அது விடுபட்டால் ஆப் போனில் திறக்கும், டீபகர் (பிழை தேடும் கருவி) மட்டும் இணையாது. இதைக் கையால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இது தானாக எதையும் சரிசெய்யாது. என்ன கமாண்ட் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். விதிவிலக்கு ஆண்ட்ராய்டு லைசென்ஸ்: அதற்கான ஃப்ளாகோடு ஓட்டினால் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளும். புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் அதிகம் மாட்டுவதும் இங்கேதான். ‘சிஎம்டிலைன்-டூல்ஸ் இல்லை’ என்று வந்தால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எஸ்டிகே மேனேஜரில் இரண்டாவது டேபான எஸ்டிகே டூல்ஸுக்குப் போய் கமாண்ட்-லைன் டூல்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஸிப்பாக இறக்கியவர்கள் சிஎம்டிலைன்-டூல்ஸ் ஃபோல்டருக்குள் லேட்டஸ்ட் என்று இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் பின், லிப் இரண்டையும் வைக்க வேண்டும். நேரடியாக விரித்துப் போட்டால் எஸ்டிகே மேனேஜர் தன் ரூட்டை (எஸ்டிகே இருக்கும் மூல ஃபோல்டர்) கண்டுபிடிக்க முடியாமல் திணறும். எஸ்டிகேயின் பழைய டூல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் எஸ்டிகே மேனேஜரை ஓட்டினால் ஜாவா 11-லும் அதற்கு மேலும் கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழுந்துவிடும். அதை விட்டுத்தள்ளுங்கள்.

மொபைலுக்கு மட்டும் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ வரியில் பெருக்கல் குறி வந்தால் பதற வேண்டாம். அது டெஸ்க்டாப் பில்டுக்குத்தான். ஃப்ளட்டர் கான்ஃபிக்கில் டெஸ்க்டாப், வெப் இரண்டையும் அணைத்துவிட்டால் அந்த வரிகளே வராது.

ரியாக்ட் நேட்டிவ் டாக்டரின் பலம், கோளாறைச் சொல்வதோடு சரிசெய்யவும் முன்வருவது. நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது), வாட்ச்மேன் (ஃபைல் மாற்றங்களைக் கவனிப்பது), ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு), ஆண்ட்ராய்டு-ஹோம் (எஸ்டிகே இருக்கும் இடத்தைச் சொல்லும் அமைப்பு), எஸ்டிகே, எக்ஸ்கோட், ரூபி மொழி, கோகோபாட்ஸ் (ஐஓஎஸ் பேக்கேஜ்களை நிறுவும் ரூபி கருவி) எல்லாம் பார்த்து முடித்ததும் டெர்மினலில் ‘எஃப்’ அழுத்தினால் எல்லாவற்றையும், ‘ஈ’ அழுத்தினால் பிழைகளை மட்டும், ‘டபிள்யூ’ அழுத்தினால் எச்சரிக்கைகளை மட்டும் சரிசெய்ய முயலும். ப்ராஜெக்ட்டின் கிரேடில் (ஆண்ட்ராய்டு ஆப்பை பில்ட் செய்யும் கருவி) ஃபைலைப் படித்து, அதில் எழுதியிருக்கும் பில்ட் டூல்ஸ் பதிப்பு கணினியில் இருக்கிறதா என்றும் ஒப்பிடும். ஃப்ளட்டர் டாக்டர் இதைச் செய்வதில்லை.

ஆனால் ‘எஃப்’ விசையைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. விண்டோஸில் இது ஜேடிகேயை இறக்கி ஜாவா-ஹோமையே (எந்த ஜாவாவை எடுப்பது என்று சொல்லும் அமைப்பு) மாற்றிவிடும். அதே கணினியில் வேறு ஜாவா ப்ராஜெக்ட் இருந்தால் அதுவும் ஆட்டம் காணும். மேக்கில் கோகோபாட்ஸைக் கணினிக்கே பொதுவாக நிறுவப் பார்க்கும். அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ரியாக்ட் நேட்டிவ் டெம்ப்ளேட்டிலேயே ஜெம்ஃபைல் (ரூபி பேக்கேஜ்களின் பதிப்புப் பட்டியல்) இருக்கிறது. பண்டில் இன்ஸ்டால் செய்து, பண்டில் எக்ஸெக் வழியாக பாட் இன்ஸ்டால் ஓட்டினால் குழுவில் எல்லோருக்கும் ஒரே பதிப்பு கிடைக்கும்.

பொய்யான எச்சரிக்கைகளும் இதில் உண்டு. போன் இணைக்காமல், எமுலேட்டரும் (கணினியில் ஓடும் போலி போன்) ஓடாமல் இருந்தால் ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு சாதனத்தோடு பேசும் கருவி) வரியில் பெருக்கல் குறி விழும். ஏடிபி நன்றாகத்தான் இருக்கும், சாதனம்தான் இல்லை.

எக்ஸ்போ டாக்டரிடம் ஜாவா பற்றிக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பேக்கேஜும் உங்கள் எக்ஸ்போ எஸ்டிகே பதிப்புக்கு ஏற்றதா, ஆப் கான்ஃபிக் சரியான அமைப்பில் இருக்கிறதா, ஒரே நேட்டிவ் மாட்யூல் (ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ்ஸின் சொந்தக் குறியீடு கொண்ட பேக்கேஜ்) இரண்டு பதிப்புகளில் உள்ளே புகுந்திருக்கிறதா என்பவைதான் அதன் முக்கியக் கேள்விகள். பதிப்பு பொருந்தவில்லை என்றால் எக்ஸ்போ இன்ஸ்டால் கமாண்டை ‘ஃபிக்ஸ்’ ஃப்ளாகோடு ஓட்டினால் போதும். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஃபோல்டர்களை ரெப்போவிலேயே (குறியீட்டைச் சேமிக்கும் களஞ்சியம்) வைத்திருந்தால், ஆப் கான்ஃபிக்கில் மாற்றும் ஐகானும் ஸ்பிளாஷும் பில்டில் சேராது என்று எச்சரிக்கும். அதை ஒதுக்காதீர்கள், ‘ஐகான் மாற்றினேன், மாறவே இல்லை’ என்ற புலம்பலுக்கு மூலம் அதுதான். சோதனை தேறாவிட்டால் பிழைக் குறியீட்டோடு வெளியேறும் என்பதால் சிஐயில் (குறியீடு மாறும்போது தானாக ஓடும் சோதனை) அப்படியே ஒரு படியாகச் சேர்த்துவிடலாம்.

மூன்றுக்கும் பிடிபடாமல் நழுவுவது ஜாவாவுக்கும் ப்ராஜெக்ட்டின் கிரேடிலுக்கும் ஒத்துவராத இடம். ஜாவா-ஹோமில் 17 இருந்தாலும், தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ஃப்ளட்டர் முதலில் எடுப்பது ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு வரும் ஜாவாவை. ஸ்டுடியோவின் லேடிபக் பதிப்பில் அது 21 ஆனது. பழைய ப்ராஜெக்ட்டில் கிரேடில் 7 இருந்தால், ஸ்டுடியோவை அப்டேட் செய்த மறுநாள் ‘மேஜர் வெர்ஷன் 65’ என்று பிழை வரும். 65 என்பது ஜாவா 21, 61 என்பது ஜாவா 17. ஃப்ளட்டர் டாக்டரோ எல்லாம் நலம் என்று பச்சை காட்டும், ஏனென்றால் ஜாவா நலமாகத்தான் இருக்கிறது.

இதற்கு வழி இரண்டு. கிரேடில் ராப்பர் ஃபைலில் (ப்ராஜெக்ட் எந்த கிரேடிலை எடுக்கும் என்று சொல்லும் ஃபைல்) பதிப்பை 8.5-க்கோ அதற்கு மேலோ ஏற்றலாம். ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகினையும் குறைந்தது 8.2.1 ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஜேலிங்க் (ஜேடிகேயின் ஒரு கருவி) பிழை வந்து நிற்கும். ப்ராஜெக்ட்டில் கைவைக்க முடியாத நிலையில், ஃப்ளட்டர் கான்ஃபிக்கில் ஜேடிகே ஃபோல்டரை 17-க்குத் திருப்பிவிடலாம். எது ஒத்துவரவில்லை என்று முன்கூட்டியே அறிய, ப்ராஜெக்ட்டுக்குள் நின்று ஃப்ளட்டர் அனலைஸை ‘சஜஷன்ஸ்’ ஃப்ளாகோடு ஓட்டுங்கள். பலருக்குத் தெரியாத கமாண்ட் இது. ரியாக்ட் நேட்டிவில் இந்த வசதி இல்லை; ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் கிரேடில் ராப்பரின் வெர்ஷன் கமாண்டை ஓட்டி, எந்த ஜாவா ஓடுகிறது என்று காட்டும் ஜேவிஎம் வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மேக்கில் ரியாக்ட் நேட்டிவில் இன்னொன்றும் நழுவும். பாட் இன்ஸ்டால் ஓடும்போது நோட் எங்கே இருக்கிறது என்ற முழுப் பாதையும் ஐஓஎஸ் ஃபோல்டரில் ‘எக்ஸ்கோட்.என்வி.லோக்கல்’ என்ற மறைவு ஃபைலில் எழுதப்படும். என்விஎம்மில் (நோட் பதிப்புகளை மாற்றிக்கொள்ளும் கருவி) புதிய நோட் போட்டு, பழையதை நீக்கிவிட்டால் டெர்மினலில் எல்லாம் ஓடும், எக்ஸ்கோட் பில்ட் மட்டும் நோட் இல்லை என்று நிற்கும். டாக்டர் டெர்மினலின் நோடைத்தான் பார்க்கிறது. அந்த ஃபைலை நீக்கிவிட்டு மறுபடி பாட் இன்ஸ்டால் ஓட்டினால் சரியாகிவிடும்.